ஈர நாரில் கட்டிய ஜப்பான் பிரஷ்

1991 ஐப்பசியில், பொள்ளாச்சிப் பக்கமிருந்து தென்னை நார் ஏற்றி வந்த லாரியில் நான் படப்பைக்கு வந்து சேர்ந்தேன். ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு உப்பளம், கயிற்றுக் கொட்டகை, கல் குவாரி, லாரி என்று எதிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், அது யாரால் கெட்டது என்று விசாரிக்கத் தொடங்குவதற்குள் நான் வேறு ஊரில் இருப்பேன். அது கைப்பழக்கம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நாரை இறக்க வேண்டிய இடம், படப்பை தாண்டி ஒரகடம் போகும் சாலையில் கோழிப்பண்ணையாக இருந்த ஒரு கொட்டகை. கோழிகள் போய் ஒரு வருடம் ஆகியும் வாடை போகவில்லை. உள்ளே ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்து கம்பியோடும் நாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டை நான் தோளிலிருந்து இறக்கியபோது முதலாளி வந்தார். முட்டை வியாபாரத்தில் தோற்றுப்போன மனிதர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

“யோவ், கயிறு திரிக்கத் தெரியுமா உனக்கு?”

“ரெண்டு வருசம் திரிச்சிருக்கேன்.”

“அப்ப லாரி போவட்டும். நீ இரு.”

லாரி போனது. நான் இருந்தேன். கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். அது போதுமாக இருந்தது.

அவர் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், நீள்வட்டமாகச் சுருட்டிய நார் உருண்டை. ஒரு முனையில் தொங்கவிடக் கயிற்று வளையம். ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருக்கிற பிரஷ் என்றார். பானை தேய்க்க, முள்ளங்கியில் ஒட்டிய மண்ணைக் கழுவ, காய் நறுக்கும் பலகையைத் தேய்க்க, குளிக்கும் மரத்தொட்டியைத் துடைக்க எல்லாவற்றுக்கும் இதுதானாம். தேய்த்து முடித்ததும் உதறி ஆணியில் மாட்டிவிடுவார்களாம். ஒன்று வருடக்கணக்கில் உழைக்குமாம். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். கொட்டகையில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பிரஷின் நிறத்தையும் சிலிர்ப்பையும் பார்த்துப் பெண்கள் அதைக் கீரி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“தேங்கா நாரு. இதுக்கா கப்பலு?” என்றாள் அவர்களில் இளையவள். படப்பைக்காரி, இருபது வயதிருக்கும், வாயை மூடவே மாட்டாள். “எங்க வூட்ல கொஞ்சம் பிச்சி, சாம்பல தொட்டுத் தேச்சிட்டு விசிறி அட்ச்சிருவோம். அதுக்குப் போயி கம்பி போட்டு முறுக்கறானாம்.”

“நீ விசிறி அடிப்ப. அவ மாட்டி வெப்பா. அதான் அவ ஜப்பான்ல கீறா, நீ இங்க கீற,” என்றார் மணிமங்கலத்து அக்கா. நாற்பதைத் தாண்டியவர், தினமும் மணிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த ஏழு பேருக்கும் சொல்லாமலே தலைவி.

வேலை இதுதான். கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி மடிக்க வேண்டும். இரண்டு கம்பிக்கும் நடுவில் நாரைக் குறுக்காக, ஒரே கனத்தில் பரப்ப வேண்டும். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைச் சக்கரத்தில் கோத்துச் சுற்றினால் கம்பி முறுக்கிக்கொண்டு நாரைக் கவ்வும். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நீளமாக வரும். அதைக் கத்தரியால் உருளையாக வெட்டி, வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் கீரி.

சென்னை ஏஜென்ட் முந்நூறு கேட்டிருந்தார். தீபாவளி கழிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்து சோதிப்பார். தேறினால் தொடர்ந்து வேலை உண்டு. தேறாவிட்டால் கொட்டகையைச் சிமெண்டு அடுக்க ஒருவருக்கு விட்டுவிடுவதாக முதலாளி ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு மழைக்காலத்தில் வேறு வேலை கிடையாது. சூளையில் கல் அறுக்க முடியாது, களையெடுப்பு முடிந்திருக்கும். தை வரைக்கும் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கீரியை நம்பித்தான்.

நான் போனபோது பத்து நாளில் எழுபது கட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் சொட்டை. நார் ஒரு பக்கம் அடர்ந்து, ஒரு பக்கம் கம்பி தெரிந்தது. காய்ந்த நார் விரலைக் குத்தும், வழுக்கும், வைத்த இடத்தில் நிற்காது. தூசியில் எல்லோரும் இருமினார்கள்.

நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன்.

“நனைச்சுக்கிடுங்க. எங்கூர்ல நனைக்காம யாரும் நாரத் தொட மாட்டாவ.”

“மாட்டாவளா?” என்றாள் படப்பைக்காரி. “சரிங்க அண்ணே, நனைச்சிக்கினாவ.”

நனைத்த நார் சொன்னபடி கேட்டது. படுக்க வைத்தால் படுத்தது, பரப்பினால் பரவியது. தூசி அடங்கியது, விரல்கள் பிழைத்தன. ஒருத்தி ஒரு நாளில் கட்டுவது இரட்டிப்பாகியது. சொட்டையே இல்லை. முதலாளி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாலாவது நாள் ஏஜென்ட் ஒரு நடை வந்தார். பேண்ட் மடிப்புக் கலையாத மனிதர். நாங்கள் அன்று கட்டியதில் ஒன்றை எடுத்து, ஈரச் சிமெண்டுத் தரையில் முப்பது தடவை அழுத்தித் தேய்த்தார். தேய்த்த தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய நாரை எண்ணினார். ஐந்துக்கு மேல் இருந்தால் கழிவு. நாலு இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று பெண்கள் எனக்கு அவரவர் தூக்கிலிருந்து ஒவ்வொரு கை சோறு எடுத்து வைத்தார்கள்.

மழை விடாமல் பெய்தது. கட்டிய கீரிகளைச் சாக்கில் போட்டு மூலையில் அடுக்கினோம். நனைத்துக் கட்டியது மட்டும் இருநூற்று நாற்பது ஆயிற்று. தீபாவளிக்கு நான்கு நாள் கொட்டகை மூடினோம். மணிமங்கலத்து அக்கா முதலாளியைக் கேட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்த நான்கு நாளும் வானம் வெளுத்து, நல்ல வெயில் அடித்தது.

திரும்பி வந்த காலையில் அவர் முந்தானையிலிருந்து அந்தக் கீரியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“மொத நாளு சோக்காத்தான் தேச்சிச்சி. ஜப்பான்காரி மாரி ஆணியில மாட்டி வெயில்ல காய வெச்சேன். மூணா நாளு சோத்துப் பானைய தேச்சேன். சாப்புட்றப்ப எங்க வூட்டுக்காரு வாயிலர்ந்து ஒண்ண இழுக்கறாரு. இன்னாடி, பானைக்குள்ளவா தல வாரினன்றாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் அந்தக் கீரியின் நாரைச் சிட்டிகையாகப் பிடித்து இழுத்தேன். முடி உதிர்வது மாதிரி வந்தது. மூலைச் சாக்கைப் பிரித்து ஐந்தாறை இழுத்துப் பார்த்தேன். நான்கு நாள் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சாக்கோடு காய்ந்திருந்தன. அவையும் அப்படியே உதிர்ந்தன.

எனக்குக் காரணம் உடனே தெரியவில்லை. கம்பி சரியில்லை என்று நினைத்தேன். முறுக்கு போதவில்லை என்று நினைத்தேன். ஒன்றை நனைத்தும் இன்னொன்றை நனைக்காமலும், அதே கம்பியில், அதே எண்ணிக்கைச் சுற்றில் கட்டிக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் இரண்டையும் இழுத்தேன். நனைத்துக் கட்டியது உதிர்ந்தது. காய்ந்த நாரில் கட்டியது விடவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. கயிற்றில் நாரை நாரே பிடித்துக்கொள்கிறது. காயும்போது எல்லாம் சேர்ந்து இறுகும். இங்கே நாரைப் பிடிப்பது கம்பி. ஈரத்தில் உப்பிய நாரைக் கம்பி கவ்வுகிறது. காய்ந்ததும் நார் சுருங்கிவிடுகிறது, கம்பி சுருங்குவதில்லை. நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது. கயிற்றுக் கொட்டகையில் சரியாக இருந்தது இங்கே தப்பு. மழை இருந்த வரைக்கும் ஈரம் அதை மூடி வைத்திருந்தது. ஏஜென்ட் சோதித்ததும் ஈரமான கீரியைத்தான்.

அந்த மத்தியானம் நான் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தாம்பரம் போகும் பஸ் வந்தது, நின்றுவிட்டுப் போனது. இன்னொன்றும் வந்தது. ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் எழும்பூரில் இருந்திருப்பேன். ஏறக்கூடாது என்று ஒரு பெரிய முடிவு எடுத்ததாக ஞாபகம் இல்லை. அக்கா முந்தானையிலிருந்து அதை எடுத்து வைத்தது மட்டும் கண்ணிலேயே இருந்தது. முதலாளியிடம் போகாமல் அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

உள்ளே போய்ச் சொன்னேன். “நனைக்கச் சொன்னது தப்பு. நான்தான் சொன்னேன். நனைச்சுக் கட்டினது அத்தனையும் உதிரும்.”

சக்கரம் நின்றது.

“பெரிய தொழில் தெரிஞ்சவராட்டம் வந்து தண்ணி தெளிச்சாரு,” என்றாள் படப்பைக்காரி. “நானும் அண்ணே அண்ணேன்னு நனைச்சிக்கினே இருந்தேன்.”

“பேசிக்கினே இருந்தா ஆவுமா? எத்தினி நாள் கீது?” என்றார் அக்கா.

“ஒம்போது,” என்றேன்.

“அப்ப எய்ந்திரு.”

முதலாளி நம்பவில்லை. “ஏஜென்டே பாத்து ஓகே பண்ணிட்டாரு. நீ இன்னா புச்சா கண்டுபுட்ச்சிட்ட? இனிமே கட்றத எப்டி வேணா கட்டு. கட்னது கட்னதுதான்.” அவர் முன்னால் நான்கைந்து கீரிகளை இழுத்துக் காட்டினேன். அவர் தரையில் விழுந்த நாரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார்.

ஒரு பலகையில் நெருக்கமாக ஆணி அடித்துச் சீப்பு மாதிரி ஒன்று செய்தேன். காய்ந்த நாரை அதில் இழுத்து வாரினால் குட்டை நாரெல்லாம் கீழே விழும். நீள நார் ஒரே திசையில் வரும். அதைக் கம்பியில் பரப்பினால் நனைக்காமலே ஓரளவு சொன்னபடி கேட்டது. விரல்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி உறை மாட்டிக்கொண்டார்கள். அது இருந்தும் இரண்டாம் நாள் முடிவில் எல்லோர் விரலிலும் கீறல். வாயில் துணி கட்டிக்கொண்டதில் படப்பைக்காரி மட்டும்தான் கஷ்டப்பட்டாள், பேச முடியவில்லை என்று.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த நார்தான் வேண்டும், ஆனால் கொட்டகையில் காற்றே ஈரம். கட்டுகளைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அதற்கும் அக்காதான் வழி சொன்னார். அவர் வீட்டுக்காரர் மணிமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர்.

“காலைல நெருப்ப தணிச்சிட்டாலும் அந்த ரூமு மத்தியானம் வரைக்கும் தகிக்கும். செவுத்தோரமா போட்டா மொறமொறன்னு ஆயிடும். நா சொன்னேன்னு சொல்லு. வாயிலர்ந்து நாரு எடுத்த மனுசன், கேட்டுப்பாரு.”

முதலாளியின் சைக்கிளை வாங்கி, நாரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, மணிமங்கலத்துக்கு மிதித்தேன். அக்காவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், “நீதானா அந்தத் தண்ணி பார்ட்டி?” என்றார். ஆனால் அறையைத் திறந்துவிட்டார். கொதிகலனுக்கு எட்டத்தில், சூடான சுவரோரம் நாரைப் பரப்பி, இரண்டு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் போட்டேன். காய்ந்ததும் அதே தாளில் காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டு திரும்பினேன். மழை பெய்தாலும் நிற்கவில்லை. நான் நனைந்தால் பரவாயில்லை, நார் நனையக்கூடாது. அடுத்த ஏழு நாளும் இப்படித்தான். ஒரு நாள் டயர் பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று கட்டியது பத்தொன்பதுதான்.

வியாழக்கிழமை காலையில், முதல் எழுபதில் தேறியதையும் சேர்த்து, காய்ந்த நாரில் கட்டியவை நூற்றுத் தொண்ணூற்றாறு. அன்று முழுக்க உட்கார்ந்தாலும் இருநூற்று இருபதைத் தாண்டாது. முதலாளி எண்ணிப் பார்த்தார். மூலையிலிருந்த பழைய சாக்குகளையும் பார்த்தார்.

“அதுலர்ந்து எண்பத எடுத்து அடியில போடு. மேல நல்லத வை. நா தாம்பரம் போயி அட்டப் பெட்டி வாங்கியாறேன்.”

அவர் போனார். நான் சாக்கைப் பிரித்துக் கீரிகளைத் தரையில் கொட்டினேன். அக்காவிடம் சொன்னேன்: “நான் இதுகளை வெட்டப் போறேன். நீங்க யாரும் பாக்கல.”

“பாக்காம? எங்களுக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?” என்று கத்தரியை என் கையிலிருந்து வாங்கினார். “இது நா கட்னது. இந்த முடிச்சு என்து. என்த நா வெட்றேன். உன்த நீ வெட்டு.”

அவர்கள் ஒவ்வொருவரும் தன் முடிச்சை அடையாளம் கண்டார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. முடிச்சை வெட்டி, வளைத்த கம்பியை நிமிர்த்தி, நாரை உருவிப் போட்டார்கள். படப்பைக்காரி இருபதுக்கு மேல் வெட்டினாள். பிறகு அவரவர் இடத்தில் உட்கார்ந்து காய்ந்த நாரில் கட்டத் தொடங்கினோம்.

முதலாளி பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தரையில் கிடந்த கம்பியையும் நார்க்குவியலையும் பார்த்தார். பெட்டியை இறக்கவே மறந்து நின்றார்.

“யாரக் கேட்டுய்யா வெட்ன?”

“யாரையும் கேக்கல. அதப் போட்டா மொத்தமும் போயிரும்.”

“போவட்டும். இப்ப மட்டும் இன்னா நிக்கிது? முந்நூறு கேட்டவன் கிட்ட இருநூற நீட்டச் சொல்றியா? உன் மூட்டைய எடு. கெளம்பு.”

“நாளைக்கு அவர் பாத்ததும் கெளம்புதேன். அதுவரைக்கும் இருப்பேன்.”

“இவன் மட்டுமா?” என்றார் அக்கா, கையில் வேலையை நிறுத்தாமல். “நாங்களும்தான் வெட்னோம். எங்களையும் போவச் சொல்லு. ஆனா இத முட்ச்சிட்டுப் போறோம். பாதியில கீது.”

அவர் பெட்டிகளை இறக்கினார். வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, சுற்ற ஆரம்பித்தார். அதுவரை அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வேகமாகச் சுற்றினார், கம்பி அறுந்தது. “மெதுவா சார்,” என்றாள் படப்பைக்காரி. “முட்ட இல்ல இது. ஆனாலும் ஒடையும்.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏஜென்ட் வந்தார். பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. மேலே இருந்ததை அவர் தொடவே இல்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து மூன்றை உருவினார். ஒவ்வொன்றாக ஈரத் தரையில் தேய்த்தார். ஏழு பெண்களும் அவர் கையையே பார்த்தார்கள். முப்பது தடவை என்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அன்று தெரிந்தது. துணியில் வடிகட்டினார். முதலாவதில் இரண்டு. அடுத்ததில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒன்று.

“போன தடவையை விட நல்லா இருக்கு,” என்றார். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்தார். “ஆனா இது முந்நூறு இல்லையே. மீதி எங்கே?”

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொன்னார். “நனைச்சிக் கட்னது சார். காஞ்சா உதிருது. நாங்களே வெட்டிட்டோம்.”

“நீங்களேவா?”

“நாங்களேதான் சார்.”

ஏஜென்ட் வெள்ளைத் துணியைப் பிழிந்து மடித்தார். பிறகு, புதன்கிழமை மத்தியானத்துக்குள் எண்பத்தெட்டும் தன் அலுவலகத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது, பெட்டி கப்பலுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு, இருந்ததை ஏற்றிக்கொண்டு காரில் ஏறினார்.

கார் திரும்பியதும் முதலாளி என்னிடம், “கெளம்பலியா நீ?” என்றார்.

“புதன்கிழமை ஆகட்டும்.”

“ம். சைக்கிளுக்குக் காத்தடிச்சி வெச்சிக்கீறேன்.”

ஞாயிறன்றும் எல்லோரும் வந்தார்கள். அக்கா மட்டும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வந்தார். செவ்வாய் சாயங்காலம் எண்பத்தெட்டையும் முடித்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மூன்றைத் தள்ளி, அந்த மூன்றைப் புதன் காலையில் மறுபடி கட்டினோம். நான் பெட்டியோடு பஸ்ஸில் தாம்பரம் போய், மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். பன்னிரண்டு அடிக்க இருபது நிமிடம் இருந்தது. ஏஜென்ட் ஒன்றை எடுத்து நாரைச் சிட்டிகையில் பிடித்து இழுத்தார், நாங்கள் செய்வது மாதிரியே. விடவில்லை.

ஜப்பானிலிருந்து பதில் வர மாசி ஆகிவிட்டது. அதுவரை முதலாளி கொட்டகையைச் சிமெண்டுக்கு விடவில்லை. அக்கம்பக்கத்து டீக்கடைகளுக்குப் பாத்திரம் தேய்க்கக் கீரி கட்டி விற்றோம், அதில் அடுப்பு எரிந்தது. பதில் வந்த அன்று முதலாளி அதைத் தமிழில் எழுதி வாங்கி வந்து என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டாயிரம் வேண்டும். நார் உதிரவில்லை. ஆனால் வளைவு ஒடுக்கமாக இருக்கிறது, கைக்குள் நிற்க இன்னும் அரை விரல் அகலம் கூட்ட வேண்டும்.

“ரெண்டாயிரமா?” என்றாள் படப்பைக்காரி.

அக்கா ஒரு கீரியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தார். “செரியாத்தான் சொல்றா. எனக்கும் புடிக்கறப்ப கட்ட வெரலு இடிக்கிது. கம்பிய இன்னும் நீட்டா வெட்டணும்.”

முதலாளி கம்பி வெட்டும் கட்டையில் அரை விரல் தள்ளி ஆணியை மாற்றி அடித்தார். நான் நார்க்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சைக்கிளை எடுத்தேன்.